காத்து எவ்வளவு அடிக்கணும்?

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. ஷிப்ட் மாத்தி ஷிப்ட், நடுவுல வீட்டு வேலை, அதுக்கு நடுவுல காறை எலும்பு உடைஞ்ச கதை வேற. அந்தக் கதையும் இந்தப் பதிவுல வரும், அவசரப்படாதீங்க.

போன தடவை என்னோட கிராவல் சைக்கிள் போட்டோ போட்டிருந்தேன் இல்லையா? அதுக்கப்புறம் நாலஞ்சு பேர் கேட்டது ஒரே கேள்வி. "இவ்ளோ குண்டு டயருக்கு எவ்வளவு காத்து அடிக்கிறீங்க?" ஒரு வரியில பதில் சொல்லிடலாம். முன்னாடி 34, பின்னாடி 38. முடிஞ்சது. ஆனா இந்த ரெண்டு நம்பருக்கு நான் கொடுத்த விலை ஒரு எலும்பு, ஆறு வாரம் லீவு, வீட்டம்மாகிட்ட வாங்கின திட்டு. அதனால கொஞ்சம் விரிவாவே சொல்லிடறேன். பொறுமை இல்லாதவங்க நேரா நடுவுல போயிடுங்க, கணக்கு அங்கதான் இருக்கு :-)

முதல்ல நம்ம ஊர். கிருஷ்ணகிரியிலேர்ந்து ஓசூர் போற நெடுஞ்சாலையில குருபரப்பள்ளியில வலது கை பக்கம் திரும்பினா வேப்பனப்பள்ளி. தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடகா மூணும் முட்டிக்கிற மூலை. டீக்கடையில ஒரே பெஞ்சுல மூணு பாஷை ஓடும். மாந்தோப்பு, ராகிக் காடு, கல்குவாரி, தக்காளி ஏத்தின டாடா ஏஸ், எப்பவாவது ராத்திரி வர்ற யானை. அந்த ஊர்லதான் அப்பா வாடகை சைக்கிள் கடை வச்சிருந்தார்.

இந்த வாடகை சைக்கிள்னா என்னன்னு தெரியாத தலைமுறையும் இப்ப படிக்குது, அதனால ரெண்டு வரி. மணிக்கு இவ்வளவுன்னு காசு. மட்காட்ல வெள்ளை பெயின்ட்ல நம்பர். நோட்டுல பேரு, நம்பர், எடுத்த நேரம். நான் குரங்குப் பெடல் பழகினது மூணாம் நம்பர் வண்டியில. கடையோட சொத்துன்னா பத்துப் பன்னெண்டு சைக்கிள், தண்ணி ஊத்தின ஒரு தகர வட்டை, உப்புத்தாள், சொல்யூஷன் ட்யூப், கால்ல மிதிச்சு கையால அமுக்குற இரும்புப் பம்பு. அளவு பார்க்கிற மீட்டர்னு ஒண்ணு கடையில இருந்ததே இல்ல.

மீட்டர் எதுக்கு? அப்பாவோட கட்டை விரல் இருந்ததே. காத்து அடிச்சு முடிச்சதும் டயரோட பக்கவாட்டுல ஒரு அமுக்கு. "போதும்." இல்லன்னா, "இன்னும் நாலு அடி." பால்கேன் ரெண்டு பக்கமும் தொங்கற வண்டிக்கு ஒரு அளவு, ஸ்கூல் பசங்க வண்டிக்கு ஒரு அளவு. அதோட, நம்ம பழைய சைக்கிள்ல இருந்த வால்வுல மீட்டர் வச்சாலும் பிரயோஜனம் இல்ல. உள்ள ஒரு சின்ன ரப்பர் குழாய் இருக்கும், நாங்க 'வால்டியூப்'னு சொல்வோம். காத்து உள்ள போகும், திரும்பி வராது. உள்ள எவ்வளவு இருக்குன்னு வெளியிலிருந்து அளக்க வழி கிடையாது. விரல்தான் மீட்டர்.

இப்ப என் கதை. 2021-ல கொரோனா கொஞ்சம் அடங்கினதும் ஓசூர்ல ஒரு கடையில கிராவல் சைக்கிள் வாங்கினேன். வளைஞ்ச ஹேண்டில்பார், 700 × 40 டயர், டிஸ்க் பிரேக். ஞாயித்துக்கிழமை ஓசூர்லேர்ந்து ஊருக்கு சைக்கிள்லயே போய் அப்பா அம்மாவைப் பார்த்துட்டு வரணும்னு ஆசை. நெடுஞ்சாலையில லாரிக்கு நடுவுல போக பயம். அதனால உள்ளே உள்ளே மண்பாதை, ஏரிக்கரை, மாந்தோப்பு வழி. அதுக்குத்தானே கிராவல் சைக்கிள்!

டயர் பக்கவாட்டுல '35 முதல் 75 பிஎஸ்ஐ வரை'ன்னு அச்சடிச்சிருந்தது. நான் 65 அடிச்சேன். ஏன்? நம்ம எல்லாருக்கும் சின்ன வயசுலேர்ந்து மண்டையில ஏறின விஷயம், காத்து கம்மின்னா வண்டி இழுக்காது, டயர் கல்லு மாதிரி இருந்தா பறக்கும். 75 வரைக்கும் போகலாம்னு போட்டிருக்கான், நான் 65-ல நிறுத்தினது பெரிய அடக்கம்னு நினைச்சேன்.

ரெண்டு வருஷம் அப்படியே ஓட்டினேன். கை மரத்துப் போகும், முதுகு வலிக்கும், மண்பாதையில முன்சக்கரம் குதிக்கும். சைக்கிள்னா அப்படித்தான்னு விட்டுட்டேன்.

2023-ல ஒரு ஞாயித்துக்கிழமை. ஊர்லேர்ந்து மத்தியானம் கிளம்பறேன். பழக்க தோஷத்துல அப்பாகிட்ட கேட்டேன்: "காத்து சரியா இருக்கா பாருப்பா." கட்டிலை விட்டு எழுந்து வந்து முன்டயர்ல ஒரு அமுக்கு, பின்டயர்ல ஒரு அமுக்கு. "ம். சரியா இருக்கு, போ."

ஊரைத் தாண்டி கொஞ்ச தூரத்துல புது ரோடு போடறதுக்கு ஜல்லி கொட்டி பரப்பி வச்சிருந்தாங்க. பரப்பி மாசக்கணக்காச்சு, மேல தார் வரல. லேசான இறக்கம், ஒரு வளைவு. முன்சக்கரம் ஒரு கல்லுல ஏறி எகிறினது ஞாபகம் இருக்கு. திரும்பக் கீழ இறங்கும்போது பக்கவாட்டுல வழுக்கினதும் ஞாபகம் இருக்கு. அப்புறம் ஜல்லி மேல நான், என் மேல சைக்கிள். இடது காறை எலும்பு ரெண்டு துண்டு.

ஆறு வாரம் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்தவனுக்கு வேற என்ன வேலை? படிச்சேன்.

படிச்சதுல புரிஞ்சது இதுதான். டயர்ல இருக்கிற காத்துக்கு வேலை ரெண்டு. ஒண்ணு, நம்ம எடையைத் தாங்கறது. இன்னொண்ணு, ரோட்டு மேடுபள்ளத்தை விழுங்கறது. முதல் வேலையை மட்டும் நினைச்சுத்தான் நாம அடிச்சுத் தள்ளறோம்.

சின்னக் கணக்கு ஒண்ணு. நான் 82 கிலோ. சைக்கிள், தண்ணி பாட்டில், பை எல்லாம் சேர்த்து 95-ன்னு வைங்க. இதுல பின்சக்கரத்து மேல 55 கிலோ, முன்சக்கரத்து மேல 40. பிஎஸ்ஐ-யை 14.2-ஆல வகுத்தா ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிலோன்னு வந்துடும். 65 பிஎஸ்ஐ-ன்னா சுமார் 4.6 கிலோ. அப்ப 55 கிலோவைத் தாங்க டயர் தரையில பதியற இடம் 12 சதுர சென்டிமீட்டர். 38 பிஎஸ்ஐ-ல 20 சதுர சென்டிமீட்டருக்கு மேல, ஒரு தீப்பெட்டியை விட கொஞ்சம் பெருசு. (டயரோட ரப்பர் விறைப்பும் கொஞ்சம் தாங்கும், அதனால இது தோராயம்தான்.) ஜல்லி மேல வளைவுல திரும்பும்போது உங்களைப் பிடிச்சுக்கிட்டிருக்கிறது அந்தத் தீப்பெட்டி மட்டும்தான். நான் அதைப் பாதிக்குப் பக்கமா குறைச்சுக்கிட்டு போயிருக்கேன்.

"சரி, ஆனா வேகம்?"னு கேப்பீங்க. நானும் அதைத்தான் கேட்டேன். கண்ணாடி மாதிரி வழவழப்பான தளத்துல உருளைய வச்சு சோதிச்சா, காத்து ஏற ஏற டயர் லேசா உருளும், அது உண்மைதான். ஆனா நாம யாரும் கண்ணாடி மேல ஓட்டறதில்லையே. அமெரிக்காவுல 'பைசைக்கிள் குவார்ட்டர்லி' இதழை நடத்தின யான் ஹைனெயும் கூட்டாளிகளும் நிஜ ரோட்டுல, ஆள் உட்கார்ந்து ஓட்டி அளந்தாங்க. கரடுமுரடான ரோட்டுல டயர் இறுக்கமா இருந்தா வண்டியும் ஆளும் சேர்ந்து குலுங்கறாங்க. அந்தக் குலுக்கலுக்குப் போற சக்தி முழுக்க நம்ம கால்லேர்ந்து போறதுதான். பெடல்ல போட்டது முன்னாடி போகாம உடம்புச் சதையில சூடாகி வீணாப் போகுது. அதாவது, கை மரத்துப் போச்சுன்னா வேகமும் போச்சுன்னு அர்த்தம். கல்லு மாதிரி டயர் வேகமாப் போற மாதிரி தோணுமே தவிர, போகாது. அந்தக் கிடுகிடு சத்தத்தைத்தான் ரெண்டு வருஷமா வேகம்னு நினைச்சுக்கிட்டிருந்திருக்கேன். அவ்வ்வ்!

கிராவல் சைக்கிள்ங்கறதே இப்படி ரோட்டுக்காகப் பொறந்ததுதான். அமெரிக்காவுல கான்சாஸ் மாகாணத்துல எம்போரியாங்கற ஊரைச் சுத்தி 2006-ல ஆரம்பிச்ச பந்தயம், இப்ப 'அன்பவுண்ட் கிராவல்'னு பேரு, சரளைக்கல் பாதையிலயே 200 மைல். 2022-லேர்ந்து கிராவலுக்குத் தனி உலக சாம்பியன்ஷிப்பே இருக்கு, முதல் தடவை இத்தாலியில நடந்தது. அங்க வர்ற வீரர்கள் பந்தயத்துக்கு முந்தின நாள் மண்டையைப் போட்டு உடைச்சுக்கிற விஷயங்கள்ல ஒண்ணு, நாளைக்குக் காத்து எவ்வளவுங்கறதுதான்.

கை சரியாச்சு. இனிமே காத்து கம்மிதான்னு முடிவு பண்ணினேன். நாம எதையும் பாதியில நிறுத்தற ஆளா? ஒரேயடியா 22-க்கு இறக்கிட்டேன். பஞ்சு மெத்தை மாதிரி போச்சு. தீர்த்தம் போற ரோட்டுல ஒரு குழி, விளிம்புல கூர்மையான கல்லு. 'டங்'னு ரிம் அடிக்கிற சத்தம். புஸ்ஸ்ஸ். ட்யூபைக் கழட்டிப் பார்த்தா பக்கத்துல பக்கத்துல ரெண்டு ஓட்டை, பாம்பு கடிச்ச மாதிரி. ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவுல ட்யூப் நசுங்கினா வர்ற அடையாளம் அது. வச்சிருந்த ஒரு மாத்து ட்யூபைப் போட்டு, கைப்பம்புல அடிச்சு, மூணு கிலோமீட்டர் போறதுக்குள்ள இன்னொரு டங், இன்னொரு புஸ். கடைசியில ஒரு தக்காளி வண்டிக்காரர் பரிதாபப்பட்டு ஏத்திக்கிட்டார்.

ஆக, மேல ஒரு எல்லை, கீழ ஒரு எல்லை. நடுவுல எங்கேங்கறதுதான் கேள்வி. நான் கண்டுபிடிச்ச முறை இதோ:

1. அச்சடிச்ச நம்பரை எல்லைன்னு மட்டும் எடுத்துக்கங்க, சிபாரிசுன்னு எடுத்துக்காதீங்க. டயர்ல ஒரு நம்பர், ரிம்ல ஒரு நம்பர் இருந்தா எது கம்மியோ அதுதான் உச்சவரம்பு. கொக்கி இல்லாத புது மாதிரி ரிம்முன்னா எக்காரணம் கொண்டும் 5 பாருக்கு (72 பிஎஸ்ஐ) மேல கூடாது.

2. ஆரம்பிக்க ஒரு வழி: ஃப்ராங்க் பெர்டோன்னு ஒரு அமெரிக்க சைக்கிள் எழுத்தாளர் பரப்பின 15 சதவீதக் கணக்கு. ஆள் ஏறி உட்கார்ந்தா டயரோட உயரம் 15 சதவீதம் அமுங்கணும். 40 மில்லிமீட்டர் டயர்னா 6 மில்லிமீட்டர். சுவரைப் பிடிச்சுக்கிட்டு உட்காருங்க, பக்கத்துல பொண்ணோ பையனோ ஸ்கேல் வச்சு ரிம்முக்கும் தரைக்கும் நடுவுல ஏறுறதுக்கு முன்னாடி ஒரு தடவை, ஏறின பிறகு ஒரு தடவை அளக்கட்டும். குழந்தைகளுக்கு நல்ல விளையாட்டு, நமக்கு நல்ல அளவு.

3. முன்னாடி எப்பவும் 3, 4 கம்மி. எடை அங்க கம்மி, பிடிப்பு அங்கதான் அதிகம் வேணும். பின்சக்கரம் வழுக்கினா சமாளிக்கலாம், முன்சக்கரம் வழுக்கினா காறை எலும்புதான்.

4. அங்கேர்ந்து ஒவ்வொரு வாரமும் ரெண்டு ரெண்டா இறக்குங்க, ஒரே பாதையில. ரிம் கல்லுல இடிக்கிற சத்தம் கேட்டா, வளைவுல டயர் பக்கவாட்டுல நெளியற மாதிரி இருந்தா, ரெண்டு ஏத்துங்க. அதான் உங்க நம்பர். எனக்கு ட்யூபோட 34/38. ட்யூப் இல்லாத டயர்னா நசுங்க ட்யூபே இல்லையே, இன்னும் மூணு நாலு இறக்கலாம். முழுக்க தார் ரோடுன்னா நான் 42/46 வைக்கிறேன்.

5. மீட்டர் ஒண்ணே ஒண்ணு வச்சுக்கங்க, அதையே நம்புங்க. என்னோட மீட்டர் 38 காட்டினப்ப பஞ்சர் கடை மீட்டர் 44 காட்டிச்சு. எது சரின்னு சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்ல. ஒரே மீட்டர்னா போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் வித்தியாசம் சரியாத் தெரியும், அது போதும். அப்புறம், லாரிக்குக் காத்து அடிக்கிற கம்ப்ரஸரை நம்ம டயர்ல வைக்கும்போது ஜாக்கிரதை. டயர் சின்னது, கண் மூடித் திறக்கறதுக்குள்ள எகிறிடும்.

6. வெயில். காலையில 20 டிகிரியில 38 வச்சு, மத்தியானம் டயருக்குள்ள 40 டிகிரி ஆச்சுன்னா கூடவே மூணரை பிஎஸ்ஐ ஏறிடும். ஓசூர் குளிர்ல அடிச்சு கிருஷ்ணகிரி வெயில்ல ஓட்டறவங்க இதையும் கணக்குல வைங்க.

இன்னொண்ணும் படிச்சப்ப தெரிஞ்சது, சிரிப்பு வந்துடுச்சு. நம்ம பழைய கறுப்பு சைக்கிள் டயர் என்ன சைஸ்? 28 × 1½. இன்னைக்கு அளவுல எழுதினா 40-635. முன்னாடி வர்ற 40 என்னன்னா, டயரோட அகலம் மில்லிமீட்டர்ல. என் கிராவல் சைக்கிள்ல இருக்கிறது 40-622. அகலம் அதேதான்! ரிம் மட்டும் 13 மில்லிமீட்டர் சின்னது. அதாவது எங்கப்பா மூணாம் நம்பர் வண்டியை மணிக்குக் காசு வாங்கி இதே மண்பாதைக்கு அனுப்பினப்பவே அது கிராவல் டயர்தான். அப்பா எந்த வண்டிக்கும் கல்லு மாதிரி காத்து அடிச்சதா எனக்கு ஞாபகமே இல்ல. "அமுக்கினா கொஞ்சம் கேக்கணும்டா"ம்பார். அமுக்கினா விரலுக்குக் கொஞ்சம் வழி விடணும்ங்கறதுக்கு அவரோட வார்த்தை அது.

இது ஞாபகம் வந்தப்பதான் எனக்கு உறைச்சது. அப்படிச் சொன்ன மனுஷன் 65 பிஎஸ்ஐ-ல இருந்த டயரை அமுக்கிப் பார்த்து "சரியா இருக்கு, போ"ன்னு எப்படிச் சொன்னார்?

அடுத்த ஞாயிறு ஊருக்குப் போனப்ப முன்னாடி 34, பின்னாடி 38. "பாருப்பா." அமுக்கினார். "சரியா இருக்கு." அவர் டீ குடிக்க உள்ள போன நேரத்துல பின்டயரை 15-க்கு இறக்கினேன். செய்யக் கூடாத வேலைதான், தெரியுது. "பின்னாடி மட்டும் இன்னொரு தடவை பாரேன்." அமுக்கினார். கட்டை விரல் நல்லாவே உள்ள போச்சு, நான் பார்த்தேன். அவர் டயரைப் பார்க்கல, எங்கேயோ பார்த்துக்கிட்டு, "சரியா இருக்கு"ன்னார்.

நான் ஒண்ணும் சொல்லல. அவரே விரலைத் தேய்ச்சுக்கிட்டு மெதுவா சொன்னார். "ஒண்ணும் தெரியலடா. ரொம்ப நாளாச்சு. டயர் கல்லா இருக்கா, விரல் கல்லா இருக்கான்னு தெரியல." கொஞ்ச நேரம் கழிச்சு, "அன்னைக்கு நீ விழுந்தியே. அதுலேர்ந்து ராத்திரி தூக்கம் இல்ல."

அவருக்கு இருபது வருஷமா சர்க்கரை. கடை மூடின பிறகு விரலுக்கு வேலை இல்ல, அதனால வீட்டுல யாருக்கும் தெரியல. பாதம் மரத்துப் போறதைக்கூட 'வயசாச்சு'ன்னு சொல்லிக்கிட்டிருந்திருக்கார். மறுநாளே லீவு போட்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். டாக்டர் ஒரு நைலான் இழையை எடுத்தார். பாதத்துல ஒவ்வொரு இடமா வச்சு, இழை வளையற வரைக்கும் அழுத்தி, "தெரியுதா?"ன்னு கேட்டார். அது சரியா 10 கிராம் அழுத்தத்துல வளையற மாதிரி செஞ்ச இழையாம். அதுவும் ஒரு மீட்டர்தான். அப்பா கண்ணை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தார். பாதி இடத்துல அவர் வாயே திறக்கல.

வலது உள்ளங்கால்ல ஒரு சின்னப் புண் இருந்தது. முள்ளு குத்தி எத்தனை நாளாச்சோ, அவருக்கே தெரியாது. நல்ல நேரத்துல வந்தீங்கன்னார் டாக்டர். புண் ஆற ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. இப்ப வீட்டுக்குள்ளயும் மெத்துன்னு செருப்பு, தினம் ராத்திரி அம்மா டார்ச் அடிச்சு பாதம் பார்க்கிறாங்க. நான் விழாம இருந்திருந்தா அந்தப் புண்ணை எப்ப பார்த்திருப்போம்னு நினைக்கவே பயமா இருக்கு. என் எலும்பு போனது போகட்டும், பரவாயில்ல.

அதனால ஒரே ஒரு வேண்டுகோள். உங்க வீட்டுலயும் சர்க்கரை இருக்கிற பெரியவங்க இருந்தா, இந்த வாரம் ஒரு தடவை அவங்க பாதத்தைத் திருப்பிப் பாருங்க. "நல்லாத்தான் இருக்கு"ன்னுதான் சொல்வாங்க. கேக்காதீங்க, பாருங்க. டயருக்கு முன்னாடி அது.

இப்ப ஞாயித்துக்கிழமை வழக்கம் மாறிடுச்சு. மீட்டரை வால்வுல வைக்கிறது நான். கண்ணாடி போட்டுக்கிட்டு நம்பர் படிக்கிறது அப்பா. படிச்சுட்டு, பழைய கடை நோட்டு மாதிரி ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதி வைக்கிறார். போன வாரம் முன்னாடி 34-ன்னு படிச்சுட்டு கொஞ்சம் யோசிச்சார்.

"அந்த வளைவுல ஜல்லி இன்னும் அப்படியேதான் கிடக்குன்னு பால்காரர் சொன்னார். ஒண்ணு இறக்கிட்டுப் போ."

இறக்கிட்டுத்தான் போனேன்.

டிஸ்கி: மேல இருக்கிற நம்பரெல்லாம் 82 கிலோ ஆளுக்கு, 40 மில்லிமீட்டர் டயருக்கு, ஓசூர்-வேப்பனப்பள்ளி மண்பாதைக்கு. அப்படியே எடுத்து அடிச்சுட்டு என்னைத் திட்டாதீங்க. உங்க எடை, உங்க டயர், உங்க ஊர் ஜல்லி, எல்லாம் வேற. உங்க நம்பர் என்னன்னு கண்டுபிடிச்சா பின்னூட்டத்துல சொல்லுங்க, அப்பாவோட நோட்டுல ஏத்திடலாம் :-)